மேலேயிருந்து பார்த்த கை

என் நாட்குறிப்பில், தடிஞ்சூ விளக்குத் திருநாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்குக் கீழே இவ்வளவுதான் இருக்கிறது: “மாலையில் மின்சாரம் வந்து, நாடகம் முடியுமுன் போய்விட்டது. சீட்டுப் போடும் கை. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.” சாதாரணமாக நான் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறவன் அல்ல. கோவிலில் கொடியேற்றம் எந்தக் கிழமை, மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, யார் வீட்டுக் கல்யாணத்தை எந்த மண்டபத்தில் வைத்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிவைப்பது என் பழக்கம். அன்றைக்கு எழுத உட்கார்ந்தபோது, நடந்தது எது, நடந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. அதனால் சந்தேகத்துக்கு இடமில்லாததை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாதபோது அது முறையல்ல. யாங்கூனின் லான்மடாப் பகுதியில், எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். பிறந்து வளர்ந்தது நகரின் வடக்கே இன்சீனில்; அப்பா ரயில் பட்டறைத் தொழிலாளி. எங்களிடம் வருமுன் சில வருடங்கள் கிழக்கே தாய்லாந்து எல்லையில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், பெரிய சூதாட்ட விடுதியில் வேலை பார்த்தார். முதலில் கீழே, மேசையில் சீட்டுப் போடுகிறவராக. பிறகு மாடியில், கேமரா அறையில்.

இதையெல்லாம் அவராகச் சொல்லி நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை. அவருடைய கைகளால் தெரிந்துகொண்டோம். எதை யாரிடம் கொடுத்தாலும், கொடுத்து முடித்ததும் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, உள்ளங்கைகளை ஒருமுறை மேலே திருப்புவார், ஒருமுறை கீழே திருப்புவார். பிறகுதான் நகர்வார். என் மனைவியிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தாலும் அப்படித்தான். படிக்கட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக்கூடக் கையைத் திருப்பிக் காட்டினார்.

அவர் வேலை பார்த்தது எங்கள் தெருமுனையில் இருந்த பொத்தான் கடையில். லைங் தாயாவிலிருந்து தையல் கம்பெனி ஆட்கள் வந்து பொத்தான், ஜிப், நூல்கண்டு வாங்கிப் போகும் கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். தெருவில் எல்லோருக்கும் அவர் நானா. அக்கா சேர்ந்த புதிதில் நானாவுக்கு இந்தக் கைகாட்டல் புரியவில்லை. ஒருநாள் நான் கடையில் நிற்கும்போதே கேட்டார்.

“என்னம்மா இது, வர்றவங்க எல்லாருக்கும் துஆ கேட்டுக்கிட்டு நிக்கிற?”

“துஆ இல்ல நானா. கையில ஒண்ணும் ஒட்டலேன்னு மேலே காட்டுறேன்.”

“மேலே யாரு இருக்கா? ஃபேன்தான் இருக்கு. அதுவும் மீ இல்லாம நிக்குது.”

மீ என்றால் எங்களூரில் மின்சாரம். அக்கா ஓடாத மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “பழக்கம் நானா. விட்டா கை என்னுது மாதிரி இல்ல” என்றார்.

மேசையில் சீட்டுப் போடுகிறவர், வேலை முடிந்து அடுத்தவரிடம் மேசையை விட்டுப் போகும்போது அப்படிக் கை காட்டிவிட்டுத்தான் போக வேண்டுமாம். உள்ளங்கையில் எதையும் ஒளிக்கவில்லை என்பதற்கு. காட்டுவது எதிரில் இருக்கிறவருக்கு அல்ல, கூரையில் இருக்கும் கேமராவுக்கு. அக்கா அந்தக் கையையும் காட்டியிருக்கிறார். பிறகு கேமரா அறைக்குப் போனதும் மற்றவர்கள் காட்டிய கைகளையும் பார்த்திருக்கிறார். கடைக்கு வரும் ஒரு பர்மியக் கிழவி, இது ஏதோ இந்திய வணக்கம் என்று நினைத்துத் தானும் கையை விரித்துத் திருப்பிக் காட்டிவிட்டுப் போவாள். அதற்கு மட்டும் அக்கா சிரிப்பார்.

எங்கள் வீட்டில் கொஞ்சம் பெரிய டீவி இருந்தது. மாலையில் மின்சாரம் வரும் முறை எங்கள் பகுதிக்கு இருந்தால், தெரு முழுக்க “மீ லாப்யீ!” என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் அடங்குமுன் நான்காம் மாடியிலிருந்து அக்காவின் செருப்புச் சத்தம் கேட்கும். அந்த வருடம் ஒரு தாய்லாந்து நாடகம், பர்மிய வசனம் கீழே ஓடும்படி வந்துகொண்டிருந்தது. கதாநாயகன் ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறவனாக வேஷம் போட்டு, அப்பாவைக் கொன்றவனைத் தேடிக்கொண்டிருப்பான். அவனுடைய நண்பன் கேமரா அறையில் இருப்பான். இருட்டு அறை. சுவர் நிறையத் திரைகள். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவன் ஒருவனே எல்லாத் திரையையும் பார்ப்பான்.

“ஏன்க்கா, உங்க ரூமும் இப்படித்தான் இருக்குமா?” என்று என் மனைவி கேட்டாள்.

“இருட்டுல உக்கார வச்சா அஞ்சு நிமிசத்துல தூங்கிருவோம், பொண்ணு. லைட்டு எரியும். ஏ.சி. தண்ணி சொட்டும், அதுக்கு ஒரு வாளி. கோட்டாவது ஒண்ணாவது. நான் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

நாடகத்தில் அந்த நண்பன் ஒரு பொத்தானைத் தட்டினான். சூதாடியின் முகம் பெரிதாகி, நெற்றியில் வேர்வைத்துளி தெரிந்து, அவன் மூக்குக்கண்ணாடியில் எதிராளியின் சீட்டும் தெரிந்தது. அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

“வேர்வையா? யப்பா. கேமரா கூரையில இருக்கு தம்பி. மேலயிருந்து பாத்தா மண்டையும் கையுந்தான் தெரியும். மூஞ்சி எங்கே தெரியும்? நாங்க ஆளுக்குப் பேரு வைக்கிறதே வழுக்கைய வச்சுத்தான். ஒருத்தரு அரைநிலா. ஒருத்தரு தோசைக்கல்லு. தோசைக்கல்லு வந்தாச்சுன்னு ஃபோன்ல சொன்னா கீழே இருக்கிற சூபர்வைசருக்குத் தெரியும்.”

“திருடனைக் கண்டுபிடிச்சா உடனே மணி அடிச்சு, எல்லாரும் ஓடி வருவாங்கல்ல?”

“ஒருத்தரும் ஓட மாட்டாங்க. நீ பாத்தது சரியான்னு பின்னால ஓட்டிப் பாக்கணும். இன்னொரு ஆளும் பாக்கணும். அதுக்குள்ள அவன் நூடுல்ஸ் சாப்பிட்டு முடிச்சிருப்பான்.”

கேமரா அறை வேலையில் பெரும்பகுதி திருடர்களைப் பிடிப்பதே அல்ல என்றார். நான் சிவப்புக் கட்டத்தில்தான் வைத்தேன், இல்லை பக்கத்தில்தான் வைத்தாய் என்று மேசையில் தகராறு வரும். கீழேயிருந்து ஃபோன் வரும். இவர் பின்னால் ஓட்டிப் பார்த்து, வைத்த இடத்தைச் சொல்வார். நாள் முழுக்க அதுதான். பின்னால் ஓட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அது அக்காவின் சட்டமாகவும் ஆகிவிட்டிருந்தது. எங்கள் கட்டடத்தில் யார் யாரைப் பற்றிக் கேட்டாலும், “நான் பாத்தது ஒருவாட்டி. ஒருவாட்டி பாத்ததைச் சொல்லக் கூடாது” என்று நிறுத்திக்கொள்வார். வம்பு பேச வருகிறவர்களுக்கு அவர் ஒரு பெரிய ஏமாற்றம்.

இதில் ஒரு தொல்லையும் இருந்தது. அவருக்கு முகங்கள் மனத்தில் நிற்பதில்லை. ஒரு மழைநாளில் நான் முழுநீள மழைக்கோட்டுக்குள் கைகளை விட்டுக்கொண்டு பொத்தான் கடைக்குப் போனேன். அக்கா என் முகத்தை நேராகப் பார்த்து, பர்மிய மொழியில், மிக மரியாதையாக, “என்ன வேண்டும்?” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துப் பேசாமல் நின்றேன். மறுபடியும் கேட்டார். கோட்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். “அட, தம்பியா!” என்றார். தெருவில் எதிரே வந்தும் பேசாமல் போகிறாள், திமிர் பிடித்தவள் என்று மாடிவீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவரோடு பேச்சை விட்டிருந்தார்கள். அவர்கள் இருவருமே பையைத் தோளில் மாட்டி, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள்.

ஒருநாள் நாடகத்தில், சீட்டை மாற்றியவன் ஒருவனை நாலு பேர் இழுத்துக்கொண்டு போய் ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால் தள்ளினார்கள். உள்ளேயிருந்து அலறல் கேட்டது. அதுவரை ஒவ்வொரு காட்சிக்கும் சிரித்துக்கொண்டிருந்த அக்கா இதற்குச் சிரிக்கவில்லை.

“இதுவும் பொய்தானே அக்கா?” என்றேன்.

“அந்தக் கதவுக்கு அப்புறம் கேமரா கிடையாது தம்பி” என்றார். “பாக்காததை நான் எப்படிச் சொல்ல?”

அன்றைக்குச் சீக்கிரம் எழுந்து போனார். மறுநாள் மாலை மின்சாரம் இல்லாமல், சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது தானாக இறங்கி வந்தார். கணவரைப் பற்றி அன்றுதான் சொன்னார். அவருக்குக் கணவர் இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

கேமரா அறைக்காரர்களும் மேசைக்காரர்களும் அந்த விடுதியில் பேசிக்கொள்ளக் கூடாது. நுழையும் வாசல் வேறு, சாப்பிடும் இடம் வேறு. பழகினால் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்ற பயம். அதனால் அக்கா மாடிக்குப் போன பிறகு கீழே சேர்ந்த யாருடைய முகமும் அவருக்குத் தெரியாது. எட்டாம் மேசைக்குப் புதிதாக ஒரு கை வந்தது. இடது சுண்டுவிரல் நிமிராமல் உள்பக்கமாக வளைந்திருந்த கை.

“நல்லா போடுவாரு. சீட்டு காத்துல வர்ற மாதிரி வந்து விழும். அந்த வெரல் மட்டும் ஒதுங்கி நிக்கும், சபையில கூச்சப்படுற ஆள் மாதிரி. நாலஞ்சு மாசம் அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வேலை அது.”

“வேலைதான், வேலைதான்” என்றாள் என் மனைவி.

“சும்மா இரு பொண்ணு.”

பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து வரிசையில் ஒருவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். அக்கா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, யோசிக்காமல், “நீங்க எட்டாம் மேசை” என்றார்.

“பயந்து போய்ட்டாரு. கம்பிய விட்டுட்டு ரெண்டு கையையும் விரிச்சு, ‘நான் ஒண்ணும் எடுக்கலைங்க’ன்னாரு. எங்கிட்ட அவரு பேசின முதல் பேச்சு அதுதான்.” அக்கா சிரித்தார். “தமிழ்லேயே சொன்னாரு. அப்பத்தான் தமிழாளுன்னு தெரிஞ்சுது. மோல்மேன்காரரு. சின்ன வயசுல சைக்கா வண்டிச் செயின்ல மாட்டின வெரலாம்.”

இன்சீனில் கோவிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. விடுதியில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஒருவருக்கு வேலை போகும். திரும்பிப் போய், வேறு வேறு வாசலில் நுழைந்து, வேறு வேறு இடத்தில் சாப்பிட்டு, யாரோ எவரோபோல் இருந்தார்கள். ஒரே ஒரு சலுகையை அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். மேசையை விட்டுப் போகும்போது எல்லோரும் சட்டென்று கையைத் திருப்பிக் காட்டிவிட்டு நகர்வார்கள். அவர் மட்டும், உள்ளங்கை மேலே இருக்கும்போது, கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவார்.

“கொஞ்சம்னா?”

“யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.”

அம்மாவுக்கு முடியாமல் போய் அக்கா யாங்கூன் வந்தார். அதற்குள் எல்லைப் பக்கம் சண்டை மூண்டு பாதை அடைபட்டது. அம்மாவும் இறந்துபோனார். கணவர் சில மாதங்கள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். விடுதி கை மாறப்போகிறது, ஆட்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். அதோடு சரி. எண் உயிரோடு இல்லை. அங்கே வேலை பார்த்த வேறு யாருடைய எண்ணும் உயிரோடு இல்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு நாடகம் பார்க்க வந்தது, அதில் வரும் தவறுகளைச் சொல்லிச் சிரிக்க அல்ல என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அந்த மேசைகளையும் சீட்டுப் பெட்டிகளையும் பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மின்சாரம் வந்து, நாடகம் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. கதாநாயகன் மேசையில் நின்று, அப்பாவைக் கொன்றவனுக்கே சீட்டுப் போடும் காட்சி. முகத்தைக் காட்டினார்கள், பிறகு கையைக் கிட்டத்தில் காட்டினார்கள், மறுபடி முகம். தூரத்தில் காட்டும்போது நடிகரின் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. கிட்டத்தில் காட்டும்போது இல்லை. அதை நானே கவனித்தேன். கை வேறு ஆளுடையது என்பது அதனால் உறுதி. இந்தமாதிரிக் காட்சிகளுக்கு உண்மையான சீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து கையை மட்டும் படம் பிடிப்பார்கள் என்று அக்காவும் முன்பே சொல்லியிருந்தார்.

ஆட்டம் முடிந்தது. சீட்டுகளை அள்ளி ஓரத்தில் போட்ட கைகள் வெறும் மேசைமேல் வந்து நின்றன. விரல்கள் விரிந்தன. உள்ளங்கைகள் மேலே திரும்பின.

அக்கா எழுந்துவிட்டார்.

“பின்னால ஓட்டு.”

“என்னக்கா?”

“பின்னால ஓட்டு தம்பி, பின்னால ஓட்டு! கை காட்டினாரு பாத்தியா? எந்த நாடகத்துல கை காட்டுறாங்க? ஒருத்தனும் காட்ட மாட்டான். எழுதுறவனுக்கே தெரியாது. இவரு காட்டினாரு. நிறுத்தினாரு.”

“இது டீவிக்கா, பின்னால ஓட முடியாது” என்று என் மனைவி சொல்லி முடிப்பதற்குள் மின்சாரம் போனது. தெருவில் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பெருமூச்சு கேட்டது. இருட்டில் அக்கா திரை இருந்த பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

“வெரலு?” என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“வளைஞ்சிருந்துது.”

மறுநாள் காலையில் நாடகத்தின் அந்தப் பகுதியை மறுபடி போடுவார்கள். எங்கள் பகுதிக்குக் காலையில் மின்சாரம் கிடையாது, இன்சீனுக்கு உண்டு. அக்காவின் தங்கை வீடு அங்கே இருந்தது. நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மூவருமாக, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் போனோம். கீரைக்கட்டுகளும் கோழிக்கூடைகளும் நிறைந்த பெட்டியில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயில் நின்ற இடத்திலெல்லாம், “ஏன் நிக்குது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். வேறு நாட்களில் ரயிலைப் பற்றி அவரிடம் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது. அப்பா பழுது பார்த்த பெட்டிகள் அவை.

தங்கை வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முகம், கை, முகம் என்று அதே காட்சி வந்தது. அக்கா திரைக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கைகள் சீட்டுகளை அள்ளின. ஓரத்தில் போட்டன. அந்த இடத்தில் காப்பித்தூள் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்து திரும்பியபோது கதாநாயகன் காரில் போய்க்கொண்டிருந்தான். வெட்டிவிட்டார்கள்.

திரும்பும் ரயிலில் நான்தான் பேச்சை எடுத்தேன். தேதி தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும் என்று எனக்குப் பட்டது. ஒளிபரப்பான நாள் நமக்குத் தெரியும். படம் பிடித்த நாள் தெரியாது. அவர் கடைசியாகப் பேசியதற்கு முன்பே எடுத்த காட்சியாக இருந்தால், அது அவர் கையாகவே இருந்தாலும் நமக்குப் புதிதாக ஒன்றும் சொல்லாது.

“நீங்க இருந்தப்போ மேசைத் துணி என்ன நிறம் அக்கா?”

“பச்சை.”

“இதுல நீலம்” என்றாள் என் மனைவி. “நேத்தும் நீலம், இன்னிக்கும் நீலம்.”

“அப்ப, உங்க விடுதியிலேயே எடுத்திருந்தா, நீங்க வந்ததுக்குப் பிறகு எடுத்தது. துணி மாத்தினதா அவரு ஃபோன்ல எப்பவாவது சொன்னாரா?”

“புருசன்கிட்ட துணியப் பத்தி யாரு தம்பி கேப்பா?” என்றார் அக்கா.

நாடகக் கம்பெனியின் இணையப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. பாங்காக்கில் வேலை பார்க்கும் என் உறவுப்பையன் விசாரித்துச் சொன்னது இது: அந்தமாதிரி மேசைகளை அங்கேயே கூடாரம் போட்டு உண்டாக்கிவிடுவார்கள், எல்லையைத் தாண்டி வந்துவிட்ட சீட்டுக்காரர்கள் சிலர் தினக்கூலிக்குக் கை கொடுக்கிறார்களாம். அவனும் யாரோ சொல்லிக் கேட்டதுதான். அப்படியானால் நீலத் துணி அந்த விடுதியின் துணியே அல்ல. அது கணவர் கைதான் என்றால், அவர் ஆற்றைக் கடந்து தாய்லாந்துப் பக்கம் இருக்கிறார். இதை அக்காவிடம் சொன்னபோது, இது வெறும் கேள்விப்பட்டது என்பதைச் சேர்த்தேதான் சொன்னேன். கேள்விப்பட்டது என்பதை மட்டும் அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

தீபாவளி கழிந்ததும் புறப்படுகிறேன் என்றார். மோல்மேன் வரை பஸ், அங்கே கணவரின் ஆட்களைக் கேட்டு, பிறகு ஆற்றுப் பக்கம்.

நானா கடையைப் பாதி மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “பாதை பூரா சோதனைச் சாவடி. ஒரு பொம்பளை தனியா, கையில ஒரு காயிதம் இல்லாம, ‘என் புருசன் கைய டீவியில பாத்தேன்’னு சொல்லிக்கிட்டுப் போவியா? எவனாவது கேட்டா சிரிப்பான்மா.”

“சிரிக்கட்டும் நானா. நீங்களும் சிரிச்சவங்கதானே.”

“நான் சிரிச்சது வேற.” நானா என்னைப் பார்த்தார். “நீ படிச்சவன், சொல்லேன்ப்பா.”

எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. “பின்னால ஓட்டிப் பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்வீங்களே அக்கா. இதை ஒருவாட்டிதானே பாத்தீங்க?”

அக்கா என் கைகளைப் பார்த்தார். அவர் யாரோடு பேசினாலும் அங்கேதான் பார்ப்பார்.

“அது வேலை தம்பி” என்றார். “அவரு காட்டினது எனக்கு.”

என் மனைவி உள்ளே போய்ப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டுவதற்குப் புளி ஊறவைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

புறப்பட்ட காலையில் அறைச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கம்போல இரண்டு கைகளையும் நீட்டி, விரித்து, மேலே திருப்பினார். உடனே கீழே திருப்பவில்லை. நாங்கள் இருவரும் பார்த்தோம். இருவருக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. பிறகு கீழே திருப்பிவிட்டுப் படியிறங்கினார். மோல்மேனிலிருந்து ஒரு செய்தி வந்தது: “சேந்துட்டேன். இங்க மழை. சாவி பத்திரம்.” அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அறையை வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். பூட்டும் மாறிவிட்டது. சாவி எங்கள் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் இருக்கிறது. “மீ லாப்யீ!” என்று தெரு கத்தும்போதெல்லாம் என் மனைவி கதவுப் பக்கம் பார்க்கிறாள். நானும்தான். நானா இப்போது சரக்கைக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே, கையை விரித்து மின்விசிறிக்குக் காட்டுகிறார். அந்தப் பர்மியக் கிழவி அவருக்கும் பதிலுக்குக் காட்டுகிறாள்.

சென்ற மாதம் அந்தக் காட்சி எனக்குக் கிடைத்தது. யாரோ நாடகத்தைத் துண்டு துண்டாக வெட்டி இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நான் பார்த்த துண்டு சீட்டுகளை அள்ளிய பிறகு தொடங்குகிறது. வெறும் மேசை. துணி நீலம்தான். கைகள் வந்து, விரிந்து, மேலே திரும்பி நிற்கின்றன. பலமுறை பின்னால் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நிற்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஒரு சுண்டுவிரல் வளைந்திருக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் அது வலது சுண்டுவிரல்.

அக்கா சொன்னது இடது. அன்று மாலை எந்தக் கை என்று நானோ என் மனைவியோ கவனிக்கவில்லை. இப்படித் திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர்கள், மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடவலம் மாற்றிவிடுவது உண்டு. மாற்றியிருக்கிறார்களா என்று தெரிய அந்தத் துண்டில் ஓர் எழுத்தோ எண்ணோ இல்லை. நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “ஆம்பளைச் சட்டைக்கு முன்பக்கம் பொத்தான் வலது பக்கம் வரும். நெஞ்சு தெரிஞ்சா ஒரு பார்வையில சொல்லிருவேன். மணிக்கட்டுப் பொத்தான்தானே தெரியுது, அது ரெண்டு கைக்கும் ஒரே மாதிரி” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இன்னொருவாட்டி போடு” என்றார்.

துண்டை அக்காவின் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன். கூட ஒன்றும் எழுதவில்லை. கையை அறிந்தவர் அவர். ஃபோனில் ஒற்றை டிக் குறிதான் காட்டுகிறது. போய்ச் சேர்ந்தால் இரண்டாகும்.

படம் இடவலம் மாற்றப்பட்டிருந்தால் அந்தக் கை அக்காவின் கணவருடையதாக இருக்கலாம். மாற்றப்பட்டதா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படவில்லை.